ஒதிலியா நிறுத்திய பக்கம்

கிராசியாஸ்,
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்குரிய எர்மினியா மதினிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் விடாமல் நலமாக இருக்கிறோம். லா செய்பாவில் உங்கள் இரத்த அழுத்தமும் கோழிகளும் அவ்வாறே நலமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் தங்கை ஒதிலியாவை அடக்கம் செய்து நாளையோடு இருபத்திரண்டு நாள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எழுதினால் நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்காது, அதனால்தான் கடிதம்.

ஒதிலியா வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பதினொரு தடவை வாசித்து முடித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். இது பன்னிரண்டாவது. சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து எனக்காகச் சத்தமாக வாசிப்பாள். "முடிவு தெரிஞ்ச கதைய எத்தனை தடவைடி படிப்ப?" என்று ஒருநாள் சீண்டினேன். "முப்பது வருஷமா ஒரே ரொட்டியத்தானே சுட்டீங்க, நேத்துதான் தின்னோமேன்னு யாராவது திரும்பிப் போனாங்களா? அதுல இருக்கிறது நிஜம்ங்க. நிஜம் ஒரு தடவைல தீராது" என்றாள். பேக்கரிக்காரனிடம் ரொட்டியை வைத்தே வாயை அடைத்தாள் பாருங்கள்.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் கேட்டதே இல்லை, மதினி. விடியுமுன் எழுந்து மாவு பிசைந்த உடம்பு, ஆறு மணிக்குக் குரல் கேட்டாலே கண் சொருகிவிடும். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அவள் குரல் நின்றால் மட்டும் திடுக்கென்று விழித்து "ஆமென்" என்பேன். "கேட்டீங்களா?" என்பாள். "கேட்டேன்" என்பேன். "அப்ப நோவா எத்தனை ஒட்டகத்துல எகிப்துக்குப் போனாரு?" என்றாள் ஒருநாள். "ஏழு" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். நோவா எகிப்துக்குப் போனதே இல்லையாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகும் மறுநாள் ஆறு மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகவே வாசித்தாள், அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் போன அன்று புத்தகம் கூடத்து மேசையில் விரித்தபடியே இருந்தது, அவள் நிறுத்திய பக்கத்தின் மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாத அவள் முகம் யாரோ வேற்றூர்க்காரியின் முகம் மாதிரி இருந்ததால், நானே அதை எடுத்துப்போய்ப் பெட்டியில் கிடந்தவளுக்கு மாட்டிவிட்டேன், பக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக் காசிமிரா அக்கா உள்ளே வந்தாள். எங்கள் தெருவில் வேதாகமத்தைத் தொண்ணூற்றோராம் சங்கீதத்தில் திறந்து வைக்காத வீடு கிடையாது. அதை மூடவும் மாட்டார்கள், வாசிக்கவும் மாட்டார்கள், சனிக்கிழமை தூசி தட்டுவதோடு சரி. அவளும் எங்கள் புத்தகத்தை அந்தச் சங்கீதத்துக்குப் புரட்டியதோடு விடாமல், தாள் பறக்காதபடி என் தராசின் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள். மேசைப் பக்கமே போகாத நான் அதைப் பார்த்தது, அவர்கள் வழக்கப்படி ஒன்பது நாள் துக்கம் முடிந்து அவள் கல்லை எடுக்க வந்தபோதுதான்.

"ஏன்க்கா புரட்டினீங்க?"

"என்னய்யா கேள்வி இது? வீட்டுல சாவு விழுந்திருக்கு, புத்தகம் கண்ட பக்கத்துல தொறந்து கெடக்கு! காவல் சங்கீதத்துல வச்சேன். இனிமே ஒண்ணும் அண்டாது."

"எந்தப் பக்கத்துல இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

"நான் என்ன வாசிக்கவா வந்தேன்? திருப்பி வைக்க வந்தேன்!"

இனிமேல் அண்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவளே சால்வை முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டேன். ஒதிலியா நிறுத்திய பக்கத்தில் விழுமா என்று புத்தகத்தைத் தானாக விரிய விட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோக் கல் செய்த வேலை, ஒவ்வொரு தடவையும் தொண்ணூற்றோராம் சங்கீதத்திலேயே போய் விழுகிறது. போதகர் அன்செல்மோவிடம் ஓடினேன்.

"கடைசியாக் கேட்டதுல என்ன ஞாபகம் இருக்கு, சகோதரரே?"

"ஒரு ராஜா வந்தாரு, போதகரே. கோவமா இருந்தாரு."

"அது பாதிப் புத்தகம் ஆச்சே! வேற?"

"யாரோ அழுதாங்க."

"அது மீதிப் பாதி."

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன், மதினி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரம் வாசித்ததை அவள் உங்களிடம் போனில் சொல்வாளே, கடைசி ஞாயிறு எதைச் சொன்னாள்? நான் மூன்றாம் வகுப்பு, விரல் வைத்துத்தான் வாசிப்பேன். இருந்தாலும் அவள் நின்ற வரியிலிருந்து தொடங்கி, பன்னிரண்டாவது தடவையை அவளுக்காக நான் முடிக்க வேண்டும். அவள் அரைகுறையாக விட்டது உலகத்தில் இது ஒன்றுதான். உடனே எழுதுங்கள்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும், உங்கள் போக்கையும் வரத்தையும், கோழிக்கூட்டையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
ஃபவுஸ்தினோ

பின்குறிப்பு: மேலே கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். தபால்தலை வாங்கக் கடை திறக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்தேன். மூன்றாம் அதிகாரத்தில் அந்த முதல் மனிதன் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறான், எங்கே இருக்கிறாய் என்று கடவுள் கேட்கிறார். எல்லாம் தெரிந்தவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதே வரியை மறுபடி வாசித்தேன், மறுபடி வாசித்தேன். அப்புறம் அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று பட்டது, வேறு யாரும் வீட்டில் இல்லை. "அடுப்படியில இருக்கேன், ஆண்டவரே. தனியா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அடக்கத்தன்றுகூட வராத அழுகை அப்போதுதான் வந்தது, மதினி. அவள் விட்ட இடம் தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நான் நேரே அங்கே போய்விடுவேன், நடுவில் அவர் இன்னும் என்னென்ன கேட்டிருக்கிறாரோ.