சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன், மச்சான்

மஞ்சக்குப்பம்,
வெள்ளிக்கிழமை

சிதம்பரத்தில் குடும்பத்தோடு நலமாக இருக்கும் மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் சக்கரபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா அமிர்தமும் மகள் இசைவாணியும் சௌக்கியம். வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் அக்கா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுச் சின்னையன் நாளைக் காலை சிதம்பரம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிற உங்கள் ஊர்ப் பொன்னுரங்கம் குடும்பத்தை எப்பாடு பட்டாவது ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்றவள் இசைவாணி. இந்தப் பையன் அருள்முருகன் போட்டோவைப் பார்த்துவிட்டு "சரிப்பா" என்றாள், போட்டோவைத் திருப்பித் தரவும் இல்லை. இப்படி ஒரு இடம் என் கையால் கெட்டுப்போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான்.

ஹாலைத் தடுத்து இசைவாணிக்கு ஒரு ரூம் எடுத்தோமே, ஜிப்சம் போர்டு சுவர், அதன் மூலையில்தான் சனி பிடித்தது. வருகிறவர்கள் கண்ணுக்கு ஹால் பெரிதாகத் தெரியட்டும் என்று பீரோவைத் தள்ளினேன். அது போய் மூலையில் இடித்தது. பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு உடைந்து விழுந்தது. உங்கள் அக்கா, "பீரோ அது பாட்டுக்கு இருந்துச்சி, உங்களுக்குத்தான் இருக்க முடியல"ன்னு ஆரம்பித்தாள். நான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவில் பேஸ்ட்டும் ஒரு டேப்பும் கொடுத்து, "மெலிசா தடவி காய வுடுங்க சார், அப்பறம் உப்புத்தாள் போட்டுத் தேயிங்க, அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானாம்! புவனகிரி வீட்டை நானே கூட நின்று கட்டினவன். தண்ணீர் காட்டாத சுவர் எங்கேயாவது நிற்குமா, நீங்களே சொல்லுங்கள். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, சிமெண்டு குழைத்து மூலையைப் பூசி, காலையும் மாலையும் டியூப் போட்டுத் தண்ணீர் அடித்தேன். அதோடு விட்டேனா, தூணுக்குச் சுற்றுகிற மாதிரி ஈரச் சாக்கையும் சுற்றிக் கட்டினேன். உங்கள் அக்கா பார்த்துவிட்டு, "என்னாங்க, செவுத்துக்கு ஜொரமா?" என்றாள். படிக்காதவள் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை சாக்கைப் பிரித்தால், சுவர் ஊறின ரஸ்க்காட்டம் பொதபொதவென்று இருக்கிறது. விரல் வைத்தேன், உள்ளே போயிடுச்சி. கையை இழுத்தேன், கையோடு சுவரும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் போர்டு, அந்தப் பக்கத்துப் போர்டு, ரெண்டும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி ஒண்ணா விழுந்தன. ஓட்டை வழியாக இசைவாணி எட்டிப் பார்த்து, "அப்பா, காபி இப்படியே வாங்கிக்கறீங்களா?" என்கிறாள். சிரிப்பு வேற! அழ வேண்டியவள் சிரிக்கிறாள், எனக்குத்தான் அழுகை வருது. சொந்த வீட்டுச் சுவரையே காப்பாத்தத் தெரியாதவன்னு அவுங்க நினைக்க மாட்டாங்களா?

ஆகவே அஷ்டமி என்று சொல்லுங்கள், நவமி என்று சொல்லுங்கள், வெள்ளாற்றில் வெள்ளம் என்றாலும் சரி. சித்திரை வெயிலில் வெள்ளமா என்று கேட்டால், உங்களுக்கு வாய் ஜாஸ்தி, சமாளித்துக்கொள்வீர்கள். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருங்கள், சிமெண்டுச் சுவருக்குள்ளேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சக்கரபாணி

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் வாசலில் பொன்னுரங்கம், அவர் சம்சாரம், பையன்! மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், ஞாயிறு வரை எதற்கு என்று அப்படியே வந்துவிட்டார்கள். நுழையும்போதே அவர், "முடிவாவாம கை நனைக்க மாட்டோம், தண்ணி மட்டும் போதும்" என்றார். ஓட்டையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "தண்ணி ஊத்துனீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "நானும் ஊத்துனங்க! எங்க வூட்ல மொத்த செவுரும் வுழுந்துச்சி. இவன்தான் அப்பறம் யூடியூபப் பாத்து கட்டுனான்." பையன் சட்டைக் கையை மடித்து, ஊறினதை அறுத்தெடுத்து, பரணில் கிடந்த மிச்சப் போர்டை வைத்து டேப் ஒட்ட உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கம் போர்டைப் பிடித்துக்கொள்ள இசைவாணி. ஒரு முழத்து ஓட்டையை அடைக்க அவ்வளவு நேரமா மச்சான்? பேச்சும் சிரிப்பும் ஓயவே இல்லை. பேஸ்ட்டைத் தடவிவிட்டு, "இது காஞ்சதும் இன்னொரு கோட்டு போடணும், நாளைக்கி வரேன்" என்கிறான். அவன் அம்மா இசைவாணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புருஷனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, பசிக்குது. எலையப் போடச் சொல்லுங்க" என்றார்.