கர்வ் அக்காவும் என் பிரேக்கும்

என் வலது காலைக் கர்வ் அக்கா உற்றுப் பார்த்த அளவுக்கு, இந்தச் சிங்கப்பூரில் எவரும் எவர் காலையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தினமும் மதியம் புக்கிட் பாத்தோக்கில் என் வேனில் ஏறுவார். ஜாலான் புசார் டியூஷன் நிலையத்தில் கணக்கு டீச்சர். பின்னால் பத்து சீட் காலியாகக் கிடந்தாலும் என் பக்கத்தில்தான் உட்காருவார். நான் பிரேக்கில் கால் வைத்தால் போதும், நோட்டில் ஒரு வளைகோடு, அவர் மொழியில் ‘கர்வ்’, வரைவார். நான் வைத்த பெயர் வந்தது அப்படித்தான்.

என் வேன் கம்பெனி அனுப்பிய உளவாளி என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டேன். செகண்டரி டூ என்னும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வேன் போனால் வேறு பிழைப்பு கிடையாது. கறிபாப் வாங்கிக் கொடுத்து ஆழம் பார்த்தேன்.

"என்னக்கா எழுதுறீங்க?"

"உங்க கால் போற போக்கு நல்லா இருக்கு லா" என்றார், மென்றுகொண்டே. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் குவீன்ஸ்டவுனில் சாப்பாடு டெலிவரி சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அழுத்தினேன்; வேன் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பிரேக் போடுவதைப் பதிய வேனில் கம்பெனி வைத்திருந்த கருவி ஆபீசுக்குக் கோள் சொல்லிவிட்டது. ஜாலான் புசார் சேர்ந்ததும், அங்கே மாடியிலிருந்த கம்பெனி ஆபீசுக்குச் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பின்னாலேயே அக்காவும் நோட்டோடு ஏறினார். எனக்கெதிராகச் சாட்சி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் கருவி வரைந்த கோட்டுப்படத் தாளை நீட்டினார். "பிரேக் நாலு வரைக்கும் ஏறியிருக்கு, அதாவது ஒவ்வொரு செகண்டும் வேகம் நாலு மீட்டர் கொறையுது. நிக்க நாலு செகண்டு. நாநாலு பதினாறு. செகண்டுக்குப் பதினாறு மீட்டர்னா மணிக்கு அம்பத்தெட்டு கிலோமீட்டர்! நாப்பதுல போற ரோடுய்யா. சாவியக் குடுங்க."

"கணக்கு தப்பு சார்" என்றார் அக்கா. "அந்த நாலு கடைசியிலதான் வந்துச்சு. தொடக்கத்துல சைபர். கால் கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு. மாறிக்கிட்டே போறத ஒரே பெருக்கல்ல முடிக்கலாமா? கணத்துக்குக் கணம் கொறஞ்ச வேகத்தக் கூட்டணும்."

தாளிலிருந்த சாய்கோட்டுக்குக் கீழே பென்சிலால் நிழலடித்தார். "இந்தப் பரப்புதான் வேகம். கட்டமில்ல சார், முக்கோணம். பதினாறுல பாதி, எட்டு. மணிக்கு இருபத்தொம்பதுதான்."

சூப்பர்வைசர் கால்குலேட்டரை மூன்று தரம் தட்டினார். சாவி என்னிடமே இருந்தது.

படியிறங்கும்போது நன்றி சொன்னேன்.

"உங்களுக்காக ஒண்ணும் வரல. தப்பான விடையப் பாத்தா எனக்கு ஆகாது, அவ்ளோதான்" என்று விறைப்பாக நடந்துவிட்டார்.

அந்தத் தப்பான விடை பிறக்கும் முன்பே அவர் ஏன் மாடியேறினார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டாமென்றே வைத்திருக்கிறேன்.