நாலு குழாயும் முந்திரிக்கொத்தும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதினால் கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் அல்லவா, அதனால்தான்.

பூதப்பாண்டி சாலையில், எங்கள் தெருமுனையில், புதிதாக ஒரு வணிக வளாகம் எழும்பியது. அதில் என்னென்ன கடை வரும் என்பதுதான் அப்போது ஊர்ப்பேச்சு. சிலர் நகைக்கடை என்றார்கள், சிலர் துணிக்கடை என்றார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய என் வீட்டுக்காரர், "ஏட்டி, குழிமந்திக் கடைதான் வரும், பாத்துக்க" என்றார். (அவருக்கு எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கோழியும் சோறும்தான் தெரியும்.)

நான் குழாயைப் பார்த்தேன். கீழ்த்தளத்து முதல் கடைக்குள் நாலு தண்ணீர்க் குழாய் போயிருந்தது. சுவரில் பாதிவரை வெள்ளை டைல்ஸ். நகைக்கு எதற்குத் தண்ணீர்? துணிக்கு எதற்கு டைல்ஸ்? பேக்கரியேதான்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வீட்டில் பயறும் வெல்லப்பாகும் உருட்டிப் பொரித்து முந்திரிக்கொத்து செய்து, சந்தைப் பக்கம் சின்ன பேக்கரி வைத்திருந்த அண்ணாச்சிக்குக் கொடுத்துவந்தேன். எங்கள் அடுப்பு பாதி அதில்தான் எரிந்தது. அவரிடம் போய், "இனி எனக்குக் கட்டுப்படியாகாது அண்ணாச்சி. பெரிய எடத்துல பேசியாச்சு" என்று சொல்லிவிட்டேன். (யாரிடமும் பேசவில்லை. குழாயை எண்ணியிருந்தேன், அவ்வளவுதான்.)

"சந்தோசம் மக்கா. நல்லா இரு" என்றார் அவர்.

ஒரு நாள் அந்தப் புதுக் கடையில் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். முதலாளி! அவசரமாகப் பாகு காய்ச்சி, பயறை உருட்டிப் பொரித்து, தூக்குவாளியோடு ஓடினேன். பாகு முற்றினால் முந்திரிக்கொத்து பலகாரம் இல்லை, கூழாங்கல். அன்று முற்றியிருந்தது.

"சார், ஒண்ணு தின்னு பாருங்க. பிடிச்சா தெனமும் கொண்டு தாறேன்."

மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். 'கடக்' என்றது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். முந்திரிக்கொத்து முழுதாக இருந்தது. (பல்தான் முழுதாக இல்லை.)

"அம்மா, இங்க என்ன வருதுன்னு நெனச்சீங்க?"

"பேக்கரிதானே, சார்?"

"நான் பல் டாக்டர்மா. பல் ஆஸ்பத்திரி தொறக்கப்போறேன்."

நாலு குழாயும் வாய் கொப்பளிக்கிறவர்களுக்காம்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அவர் பாவம், கன்னத்தைப் பிடித்தபடியே, "தெனமும் கொண்டு வாங்க. வாறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்போம். எனக்கு வேற விளம்பரமே வேண்டாம்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார். தூக்குவாளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். அதைக் கேட்டு வாங்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதும் எங்கேயாவது புதுக் கட்டடம் எழும்பினால் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிடுவார். "ஏட்டி, எறங்கிப் போய்க் குழாய எண்ணிட்டு வா."

தூக்குவாளியை விட்டுவிட்டு ஓடிவந்ததற்கு மறுநாள் காலை, பாகைப் பதம் பார்த்துக் காய்ச்சி, அண்ணாச்சி கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன்.

"பெரிய எடம் என்னாச்சு மக்கா?"

"அங்க தண்ணி வசதி இல்ல அண்ணாச்சி."

அவர் இத்தனை காலத்தில் முதல் தடவையாக, ஒரு முந்திரிக்கொத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு வாங்கி வைத்தார்.