கோலில் நின்ற துரை

கால்பந்துக்கும் கோலுக்கும் நடுவே நாலு முழந்தான் இருந்தது. பால்குடிப் பிள்ளைகூடத் தட்டிவிட்டிருக்கும். சடையன் ஓடிவந்தான். பந்தருகே வந்ததும் நின்றான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

"சலாமுங்க தொரை!"

பின்னால் ஓடிவந்த பத்துப் பையன்களும் வரிசையாக நின்று துண்டை அவிழ்த்தார்கள். பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கையை விரித்து நின்ற துரையின் முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்தது.

"கணக்கப்புள்ளே!"

களத்தின் ஓரத்தில் நின்ற கணக்கப்பிள்ளை தில்லைநாயகம் ஓடினார்.

"கோல் போட படிச்சுக் குடுன்னு சொன்னேன். நீ சலாம் போட படிச்சுக் குடுத்தியா?"

"அது நான் படிச்சுக் குடுக்கலைங்க தொரை. பொறந்ததிலேருந்தே அவனுகளுக்கு வருமுங்க."

"சனிக்கிழமை கொழும்பு பெரிய தொரை வாறார். பதுளை கிளப்பில நான் சொல்லியாச்சு, நம்ம தோட்டத்துப் பயலுக என்னையே தாண்டி கோல் போடுவான்னு. கோல் இல்லே, நீ தோட்டத்திலே இல்லே. வெளங்குச்சா?"

நன்றாகவே விளங்கியது. வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டம் மடுல்சீமைக்கும் மேலே இருக்கிறது. வேலை போனால் சட்டிபானையோடு பதுளைக்கு நடக்க முழுதாக ஒரு நாள் வேண்டும். மனைவி ரெங்கம்மாவுக்கோ இது ஒன்பதாம் மாதம்.

தில்லைநாயகம் பிறந்து முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு பந்தை உதைத்ததில்லை. தோட்டத்தில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் இந்த வேலை அவர் தலையில் விழுந்தது. அதே காரணத்துக்காகப் போன வருஷம் பங்களாவின் பியானோவைப் பழுதுபார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது இன்றுவரை பேசவில்லை.

உதை என்று அவர் பார்த்ததெல்லாம் ஒன்றுதான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு, இதே களத்தில், துரை தம் பூட்ஸ் காலால் கொடுப்பது. அதையே பாடமாக வைத்தார்.

"தொரை எப்படி ஒதைக்கிறாரு? ஒரு காலை ஊணிக்கிறாரு. குறியைப் பாக்குறாரு. இடுப்பிலேருந்து வீசுறாரு. அப்படி ஒதைங்கடா!"

பையன்களுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாடம் எல்லாருக்கும் முதுகுப் பக்கமாக முன்பே தெரியும். அதிலும் செவனு என்ற பொடியன், திங்கட்கிழமைதான் வாங்கியிருந்தான். வெறும் கோலில் அவன் உதைத்த பந்து மூலையில் புகுந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. துரை வந்து நின்றால்தான் எல்லாக் காலும் மடங்கிப்போகும்.

முதலில் துரையே ஒரு வழி செய்தார். "களத்தில சலாம் கூடாது! இது உத்தரவு!"

"உத்தரவுங்க தொரை!" என்று பதினொரு பேரும் சலாம் போட்டார்கள்.

மறுநாள் தில்லைநாயகம் தம் மூளையை உபயோகித்தார். கொழுந்துச் சாக்கில் வைக்கோலைத் திணித்து, பங்களாச் சமையற்காரனிடம் வாங்கிய துரையின் பழைய தொப்பியை மேலே வைத்துக் கோலில் நிறுத்தினார். பையன்கள் பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தார். சடையன் ஓடிவந்தான், தொப்பியைப் பார்த்தான், வைக்கோலுக்கு ஒரு சலாம் போட்டான்.

"அடப் பாவி! அது சாக்குடா!"

"தொப்பி தொரையோடதுங்களே."

"அப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஒதைங்கடா!"

மூடிக்கொண்டு உதைத்தார்கள். பந்து அந்த வழியாகக் குடையோடு போய்க்கொண்டிருந்த பெரிய கங்காணி முருகையாவின் தொந்தியில் பட்டு, அவரைத் தண்ணீர் ஓடும் கானில் உட்காரவைத்தது. எழுந்தவர் பார்த்தது என்ன? துரையின் தொப்பியோடு ஒரு பொம்மை, அதை உதைக்கப் பதினொரு பேர், உதைக்கச் சொல்ல ஒரு கணக்கப்பிள்ளை. அவர் நேராகப் பங்களாவுக்கு ஓடினார்.

துரை வந்து பொம்மையைச் சுற்றிப் பார்த்தார்.

"என் வயிறு இவ்வளவு பெரிசா?"

"இல்லீங்க தொரை, வைக்கோல் கொஞ்சம் கூடிப்போச்சு."

"சனிக்கிழமை ஒரு கோல் பத்தாது. நாலு வேணும்."

வீட்டில் தில்லைநாயகம் நடந்ததையெல்லாம் சொன்னார். ரெங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

"இந்த நெலமையில என்னால மலை எறங்க முடியாது, சொல்லிப்புட்டேன். தொப்பியைக் கண்டுதானே பயப்படுறானுக? தொப்பிக்குள்ள நம்ம ஆளு ஒருத்தரை நிக்க வைங்க. பயம் தெளிஞ்சிரும்."

நல்ல யோசனைதான். குதிரைக்காரன் பெரியாண்டி உயரத்தில் துரையளவு இருப்பான். வண்ணானின் காலில் விழாத குறையாக வாங்கிய துரையின் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கோலில் நின்றான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் கோல் போட்டார்கள். பன்னிரண்டு உதை, பன்னிரண்டு கோல். எல்லாமே மெல்ல உருண்டு மூலையில் நுழைந்தன.

"கொஞ்சம் பலமாத்தான் ஒதைங்களேன்டா!"

"பெரியாண்டி மாமாவுக்கு நோவுமுங்க," என்றான் செவனு.

அப்போதுதான் தில்லைநாயகத்துக்கு அந்தப் பொல்லாத யோசனை வந்தது.

சனிக்கிழமை. கொழும்புப் பெரிய துரை குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூலிகள் குடியிருந்த லயத்துச் சனம் முழுவதும் களத்தைச் சுற்றி நின்றது. இரண்டு துரைமாரின் குதிரைகளும் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நம் துரை கோலில் போய் நின்றார். தில்லைநாயகம் பையன்களை ஒன்றாகக் கூட்டி, காதோடு சொன்னார்.

"டேய், தொரைக்குக் காய்ச்சல். பெரிய தொரைக்குத் தெரியக் கூடாதுன்னு இன்னைக்கும் பெரியாண்டியைத்தான் நிறுத்தியிருக்கு. யாரும் வாயைத் தொறக்காதீங்க. ஒதைங்க!"

பையன்கள் கோலைப் பார்த்தார்கள். குதிரைகள் நின்ற பக்கம் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சரிங்க ஐயா," என்றான் சடையன். முகத்தில் சிரிப்பே இல்லை.

முதல் பந்து இடது மூலை. துரை பாய்வதற்குள் போய்விட்டது. இரண்டாவது வலது மூலை. மூன்றாவது அவர் வயிற்றையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனது. நாலாவதுக்குத் தொப்பி மூக்குவரை இறங்கியது. தில்லைநாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு காலை ஊன்றுவதும், குறி பார்ப்பதும், இடுப்பிலிருந்து வீசுவதும், அடடா, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடியே! நாலு விழுந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஒருவனும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏழாவதைச் செவனு உதைத்தான். அது துரையின் மூக்கில் பட்டது.

தில்லைநாயகம் மனசுக்குள் சட்டிபானைகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

பெரிய துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்தபிறகு நம் துரையும் சிரிக்கத்தானே வேண்டும்? ரத்தம் ஒழுகும் மூக்கைக் கைக்குட்டையால் அமுக்கிக்கொண்டு, "வெரி குட், கணக்கப்புள்ளே! நீ தோட்டத்திலேயே இரு," என்றார். அடுத்த மாதம் பதுளையில் எல்லாத் துரைமார் முன்னாலும் இதே ஆட்டம் நடக்க வேண்டும், கோலில் இவரே நிற்க வேண்டும் என்று பெரிய துரை சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

வேலை தப்பியது. ஆனால் தில்லைநாயகத்துக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. துரையின் மூக்கை உடைத்தோம் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகள் பயத்தில் காட்டுக்குள் ஓடிவிடமாட்டார்களா? பெற்றவர்கள் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார்களா? வேறு வாயால் தெரிவதைவிடத் தாமே சொல்லிவிடுவது நல்லது என்று பையன்களைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குக் கூட்டிப்போனார்.

"பிள்ளைகளா, பயப்படாதீங்கடா. தப்பு என்னோடது. நான் பொய் சொல்லிட்டேன். கோல்ல நின்னது பெரியாண்டி இல்லே, நெசத் தொரைதான்."

செவனு காலைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தான்.

"தெரியுமுங்க ஐயா. மாமா அந்தாண்ட ரெண்டு குதிரையையும் புடிச்சுக்கிட்டுல்ல நின்னாரு. மாமாவா இருந்தா அம்புட்டு ஓங்கி ஒதைப்போமா?"