காலை நேர அழுகைக் கொள்கை

பாலர் பள்ளி வாசலில் காலையில் ஒரு குழந்தை அழ வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி அரசாங்கத்துக்கு வெகுகாலம் ஒரு கொள்கையே இல்லாமல் இருந்தது. அழுகிற குழந்தை அழுதது. அழாத குழந்தை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடியது. இப்படியொரு நிர்வாகச் சீர்கேட்டை இத்தனை காலம் எப்படிப் பொறுத்துக்கொண்டோம் என்று இன்று நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு துறையின் பெரியவர்கள் விமானம் ஏறிப் போய் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். வந்த கையோடு அந்த ஆண்டை 'குடும்பப் பிணைப்பு ஆண்டு' என்று அறிவித்தார்கள். பள்ளியும் குடும்பமும் கைகோத்து நடக்க வேண்டும். நல்லதுதானே, யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் நடக்கிறார்களா என்று அளந்தாக வேண்டுமே! பாசத்தை எதை வைத்து அளப்பது? ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு விடை கிடைத்தது. பெற்றவர்களைப் பிரியும்போது குழந்தை அழுகிறது. பாசம் இருப்பதால்தான் அழுகிறது. ஆகவே எவ்வளவு அழுகையோ அவ்வளவு பாசம். அழுகைக்குச் சத்தம் உண்டு. சத்தத்தை அளக்கக் கருவி உண்டு. வேலை முடிந்தது.

நம் டீச்சருடைய பள்ளி சின்னது. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் நீலம் அடித்த இரும்புக் கேட். வாசல் அழுகையை நிறுத்துவதில் டீச்சருக்கு அந்தத் தெருவில் நல்ல பெயர். அதற்காக அவர் மாயம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் கேட்டிலேயே ஒரு வேலை காத்திருக்கும். ஒருத்தி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஒருவன் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பான். எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதற்கென்றே பிறந்த ஒரு பெண் குழந்தை உண்டு. அவளுக்கு 'மந்திரி' என்று பெயர். பெற்றவர்களுக்கும் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும்போது நைசாக நழுவக் கூடாது. முகத்தைப் பார்த்து 'சாயங்காலம் வரேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை துறையின் மேற்பார்வையாளர் வந்து கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் கருவி. குழந்தைகள் வந்தார்கள், கையசைத்தார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தபோது மட்டும் முள் லேசாக ஆடியது.

"என்னம்மா இது? ஒரு குழந்தைகூட அழலையே?"

"ஆமா சார்," என்றார் டீச்சர், பெருமை முகத்தில் வழிய. "எல்லாரும் சந்தோஷமா வராங்க."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் சந்தோஷமா வராங்க?"

"சார்?"

"பெத்தவங்களை விட்டுட்டு வர்ற குழந்தை சிரிச்சுக்கிட்டே வருதுன்னா, அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு யோசிச்சீங்களா?"

"வீட்டுலயும் நல்லா பாத்துக்கறாங்க சார். இங்கயும் நல்லா பாத்துக்கறோம்..."

"நீங்க சொல்றீங்க. கருவி சொல்லலையே." கருவியை டீச்சரின் காதருகே நீட்டினார். அது ஒன்றும் சொல்லவில்லைதான்.

'கடும் பிணைப்பு வறட்சி' என்று குறித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த மாதம் மறுபடி வருவார். அப்போதும் இப்படியே இருந்தால் இந்தப் பள்ளியை மூடிவிட்டுக் குழந்தைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளை வேனில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்ப வேண்டும். டீச்சர் அவர் பின்னாலேயே ஓடினார்.

"குழந்தைங்களை அழ வைக்கச் சொல்றீங்களா சார்?"

"சேச்சே! அழ வைக்கறது குற்றம். அவங்களா அழணும். அதுக்கான இனிய சூழலை நீங்க உருவாக்கணும்."

அன்று மாலையே பெற்றோர் கூட்டம். குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மூடப் போகிறார்கள் என்றதும் கூடம் அமைதியானது. எதற்காக மூடப் போகிறார்கள் என்று சொன்னதும் கொதித்தது.

"அப்ப என் பொண்ணுக்கு என் மேல பாசம் இல்லைன்னு அந்த மிஷின் சொல்லுதா?" என்று எழுந்தாள் தையல்கடை அம்மா. மந்திரியைப் பெற்றவள் இவள்தான்.

"மிஷினை விடுங்க. எங்க அக்கா சொல்றாளே!" என்றார் பஸ் டிரைவர் அப்பா. "அவ பையன் அவங்க ஸ்கூல் வாசல்ல தரையில புரண்டு அழறானாம். தினம் போன் பண்ணி, 'உன் பையன் இன்னைக்காவது அழுதானாடா, இல்ல வழக்கம்போலதானா'ன்னு கேட்டு மானத்தை வாங்கறா."

அவர் சொன்னது பொய்யில்லை. ஊரில் காற்று அப்படித்தான் அடித்தது. அழுகிற குழந்தை அந்தஸ்தாகிவிட்டது. "எங்களுது வாந்தியே எடுத்துடும்" என்று ஒரு தாய் அடக்கமாகச் சொன்னால், மற்ற தாய்மார்கள் அன்றிரவு தூங்கவில்லை. சிவந்த கண்ணோடு குழந்தையைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். வார இறுதியில் அழுகை வளர்ச்சி வகுப்புகள் தொடங்கின. சேர்ந்த அன்றே விசும்பல், ஒரு மாதத்தில் கேவல், அதற்கு மேல் உயர்நிலைப் பிரிவு. கடைகளில் குழந்தையின் பெயர் பின்னிய கைக்குட்டைகள் வந்தன. கண்ணீர் நன்றாகத் தெரியும் ரகம் கொஞ்சம் விலை அதிகம்.

மறுநாளிலிருந்து நம் பள்ளி வாசலிலும் இனிய சூழல் உருவாக்கப்பட்டது. முதலில் டீச்சர் காலை வேலைகளை நிறுத்தினார். குழந்தைகள் சும்மா நின்றால் அழுகை வருமல்லவா? மந்திரி ஒரு நிமிஷம் பார்த்தாள். செடியை ஒருத்தியிடமும் செருப்பை ஒருவனிடமும் அவளே ஒப்படைத்தாள்.

"டீச்சர், நீங்களும் சும்மா நிக்காதீங்க. அந்தப் பாயை விரிங்க."

டீச்சர் விரித்தார்.

அடுத்து பெற்றவர்கள் முயன்றார்கள். டிரைவர் அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கரகரக்கச் சொன்னார்: "அப்பா போறேன்டா. போகட்டுமா? நிஜமாவே போகட்டுமா?"

"போப்பா. பஸ்ஸுல எல்லாரும் உக்காந்துட்டு இருப்பாங்க" என்றான் மகன்.

தையல்கடை அம்மா துணிந்தவள். "அம்மா திரும்பி வரவே இல்லைன்னா என்னடி பண்ணுவே?"

"வருவே."

"வரலைன்னா?"

"நேத்தும் வந்தியேம்மா" என்று சொல்லிவிட்டு மந்திரி செருப்புகளைப் பார்வையிடப் போய்விட்டாள்.

தையல்கடை அம்மாவுக்கு என்னவோ செய்தது. தன்னை இவ்வளவு நம்புகிற ஒரு ஜீவனிடமா இப்படிக் கேட்டோம் என்று நினைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற டிரைவருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு வாரத்தில் வாசலில் நிற்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் அழப் பழகிவிட்டார்கள். சொல்லக் கூடாது, அதில் ஒரு சுகமும் இருந்தது. அலுவலகத்தில் அழ முடியாது, வீட்டில் அழ நேரமில்லை. காலையில் கேட்டில் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனால் மனசு லேசாகிவிடுகிறதாம்.

மேற்பார்வையாளர் மறுபடி வந்தார். கருவியைத் திறந்ததும் முள் கடைக்கோடிக்குப் பாய்ந்து அங்கேயே நடுங்கியது. டிரைவர் அப்பாவின் குரல் பஸ் ஹாரனுக்குப் போட்டியாக ஒலித்தது. அவர் மகன் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "அழாதப்பா, சாயங்காலம் பாக்கலாம்" என்று தேற்றிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா அழறது?"

"பெத்தவங்க சார்" என்றார் டீச்சர் மெல்ல. முடிந்தது கதை என்று நினைத்தார்.

மேற்பார்வையாளர் கண்ணை மூடிச் சிந்தித்தார். "பெத்தவங்களும் குடும்பம்தானே?"

"ஆமா சார்."

"பிரிவும் நடக்குது. அழுகையும் நடக்குது. யார் அழணும்னு கொள்கையில சொல்லலையே." கண்ணைத் திறந்தார். "அபாரம்மா! பெரிய தொண்டைக்குப் பெரிய பிணைப்பு. இது எங்களுக்கே தோணலை!"

பள்ளி பிழைத்தது. பிழைத்தது மட்டுமா, மாநிலத்திலேயே முதலிடம். பாராட்டோடு டீச்சருக்கு ஒரு உத்தரவும் வந்தது. இப்பேர்ப்பட்ட திறமை ஒரே வாசலில் வீணாகக் கூடாது என்று தலைமை அலுவலகத்தில் பயிற்சி அதிகாரியாக உயர்த்தியிருந்தார்கள். இனி அவர் குழந்தைகளே இல்லாத ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து குழந்தைகளைப் பற்றிப் பேசலாம்.

"நான் எதுவுமே செய்யலை சார். எனக்கு இந்த வகுப்பு போதும்."

"தன்னடக்கம்! பயிற்சியில அதையும் ஒரு பாடமா வச்சிடுங்க."

டீச்சர் பெற்றோரிடம் போனார். "நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா என்னை விட்டுடுவாங்க."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சொல்லலாம் டீச்சர்," என்றாள் தையல்கடை அம்மா. "ஆனா இப்பதான் முதலிடம் வந்திருக்கு. இந்த நேரத்துல அவங்களை எதுத்துப் பேசினா..."

"எங்க அக்காவே வாயடைச்சுப் போயிருக்கா" என்றார் டிரைவர் அப்பா, தரையைப் பார்த்தபடி. "வேற டீச்சர் போடுவாங்க இல்ல?"

கடைசி நாள் காலை. புது டீச்சர் வந்துவிட்டார். பொறுப்பு மாறுவதைப் பார்க்க மேற்பார்வையாளரும் கருவியோடு வந்திருந்தார். பெற்றவர்கள் வழக்கம்போல ஆளுக்கொரு கைக்குட்டையோடு நின்றார்கள். பேசாமல் பின்வழியாகப் போய்விடலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் நழுவக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் எப்படி நழுவுவார்? மண்டியிட்டு உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"நான் போயிட்டு வரேன், கண்ணுங்களா."

"சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?" என்றாள் மந்திரி.

டீச்சரால் பொய் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்லடா."

மந்திரியின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. உதடு பிதுங்கியது. அடுத்த நொடி கூடமே அதிர்ந்தது. செடிக்காரி, செருப்புக்காரன், டிரைவர் மகன் என்று ஒன்று விடாமல் அத்தனை குழந்தைகளும் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதார்கள். முள் கடைக்கோடியில் முட்டி வளைந்தே போய்விட்டது.

"ஆஹா!" என்று துள்ளி எழுந்தார் மேற்பார்வையாளர். பிறகு எட்டிப் பார்த்தார். "யாருக்காக அழறாங்க?"

"டீச்சருக்காக சார்" என்றார் புது டீச்சர்.

மேற்பார்வையாளரின் முகம் சுருங்கியது. பெற்றவர்களின் முகம் அதைவிடச் சுருங்கியது.

"ஒரு மாசமா தொண்டை கிழிய அழுதேன். எனக்கு ஒரு சொட்டு வரலை" என்றார் டிரைவர் அப்பா. "வெளியாள் ஒருத்தர் போறாங்கன்னா இப்படியா?"

"நல்லவேளை, நேரத்துக்கு மாத்தினாங்க" என்றாள் தையல்கடை அம்மா. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். அன்று வாசலில் பெரியவர்கள் ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை.

டீச்சர் ஒவ்வொரு விரலாகப் புடவையை விடுவித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். தெருமுனை திரும்பும்வரை அழுகை கேட்டது. அவர் தலை மறைந்ததும் மேற்பார்வையாளர் புது டீச்சரைத் தனியே அழைத்தார்.

"குழந்தைங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுடாம பாத்துக்குங்க. குடும்பப் பிணைப்பு கெட்டுடும்."

"சரிங்க சார்."

"ஆமா டீச்சர்," என்றார்கள் பெற்றவர்கள் ஒரே குரலில். "எதுவுமே அளவோட இருந்தாதான் நல்லது."