ஏழாம் கட்டிலுக்கு விளக்கெண்ணெய்

ஒருவரிடம் பெயர் கேட்கக் கூச்சப்பட்டு, அவருக்கு விளக்கெண்ணெய் கொடுத்தவள் நான்.

அப்போது தஞ்சாவூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருந்து கொடுக்குமுன் பார்க்க வேண்டிய இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். (ஒப்பிக்க மட்டும்தான் தெரியும் என்பது பிறகு தெரிந்தது.)

கூலிக்கும் நிலத்துக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலம். அறுவடைத் தகராறில் வரப்பில் விழுந்து கால் முறிந்த மிராசுதார் ஒருவர் வார்டில் இருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அசைய முடியாது. பக்கத்தில் கோவிந்தன், சிறுநீரகக் கல்லோடு வந்த விவசாயத் தொழிலாளி. மறுநாள் எக்ஸ்ரேக்கு அவர் வயிறு காலியாக வேண்டும். அதற்குத்தான் மாலை நாலு மணிக்கு விளக்கெண்ணெய்.

அந்த வார்டில் எனக்கு அன்றுதான் முதல் நாள். சீட்டில் 'கோவிந்தன், ஏழு' என்றிருந்தது. மதியம்தான் மிராசுதார் ஃபேனுக்கு நேராக வேண்டுமென்று, கோவிந்தனைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டிலோடு ஏழாம் இடத்துக்கு மாறியிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் விரல் நிறைய மோதிரத்தோடு படுத்திருந்தவரைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பெயர் கேட்டிருக்க வேண்டும். என் அப்பா பண்ணையில் வேலை செய்தவர். பண்ணையார் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும் நாக்கு எழவில்லை.

"என்னம்மா இது?"

"மருந்துங்க ஐயா. ஒரே மடக்கா குடிச்சிடுங்க."

குடித்தார். நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல். "ஏம்மா, நான்தான் கோவிந்தன். எண்ணெய் தரணும்னாங்களே?"

"இதோ தர்றேங்க" என்றேன். நேரே துணி அறைக்குள் போய், ஏற்கெனவே மடித்திருந்த போர்வைகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு மிராசுதார் போட்ட கூச்சல் அங்கேயும் கேட்டது.

ஓடிப்போய் வார்டு சிஸ்டரிடம் அழுதேன். டாக்டர் வந்து பார்த்து, ஆபத்தில்லை, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். சிஸ்டர் என்னிடம், "அவர்கிட்ட நீயே சொல்லு. பெட்பேனும் நீயே எடு" என்றார்.

சொன்னேன். மிராசுதார் முறைத்தார். "எந்த ஊரு நீ?"

"கீழ்வேளூர் பக்கங்க."

"அதானே! சங்கத்துக்காரனுங்க அனுப்பினானுங்களா?"

பக்கத்துக் கட்டிலில் வலியோடு சுருண்டிருந்த கோவிந்தன் தலையைத் தூக்கினார். "எண்ணெய்க்கெல்லாம் நாங்க தீர்மானம் போடலீங்க." வார்டே சிரித்தது. அன்று இரவு அந்தத் தொங்கும் காலோடு நான் பட்ட பாடும், மிராசுதார் பட்ட பாடும் எழுதத் தக்கதல்ல.

என் கல்யாணத்தில், தாலி கட்டப்போகிற நேரத்தில், உடன் படித்தவள் ஒருத்தி கத்தினாள்: "ஏய், பேர் கேட்டுட்டியாடி?" இன்றைக்கும் நான் தலைவலி மாத்திரை நீட்டினால் என் வீட்டுக்காரர் விறைப்பாக எழுந்து நின்று, பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஏழு மணிக்குமேல் கொடுத்த எண்ணெயில் காலைக்குள் வயிறு காலியாகாததால் கோவிந்தனுக்கு மறுநாள் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் போர்வை மடித்த அந்த மூன்று மணி நேரத்துக்காக, அவர் எக்ஸ்ரேயில் அடுத்த முறை கிடைக்கும்வரை இன்னும் நாலு நாள் அந்த வலியோடு காத்துக் கிடந்தார். வீட்டில் கதை சொல்லும்போது இதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.