மேலாளர் பாறையேறிய வைபவம்

மனித இனம் கல்லைக் கருவியாக்கிய நாளுக்குப் பிறகு, கல்லுக்கும் மனிதனுக்கும் இடையே நடந்த மிக முக்கியமான சந்திப்பு, சென்ற ஞாயிறு எங்கள் மேலாளருக்கும் ஊருக்கு வெளியே கிடக்கும் ஒரு பாறைக்கும் நடந்ததுதான். அதை நேரில் காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

கயிறு கிடையாது. இரண்டு ஆள் உயரப் பாறை, விரல் வைக்கச் சின்னச் சின்ன விளிம்புகள், விழுந்தால் தாங்கக் கீழே ஒரு தடித்த மெத்தை. 'தலைமைப் பண்பு' வளர இதைவிடச் சிறந்த வழியில்லை என்று மேலாளர் எங்கோ படித்திருந்தார். கற்றுத்தர வந்த பயிற்சியாளர், பாறை நடுத்தரம்தான், ஆனால் பாதியில் கவனம் வேண்டும் என்று ஆரம்பித்தார். வெளி ஆள் என்பதால் அவரைக் காரில் போய் உட்காரச் சொல்லிவிட்டோம்.

மேலாளர் கை வழுக்காமலிருக்கச் சாக்பொடியைப் பூசிக்கொண்டு பாதிவரை அமர்க்களமாக ஏறினார். அங்கே பாறை வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பிடி தேடி இடப்பக்கம் நகர்ந்தார். மெத்தை வலப்பக்கமே கிடந்தது. அவருடைய வலது கால் தன்னிச்சையாக ஆடத் தொடங்கியது. முகத்தைப் பாறையில் அப்பிக்கொண்டிருந்ததால் கீழே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

யாரும் அசையவில்லை. எங்கள் அலுவலகத்தின் பெருமையே அதுதான். மேலாளர் கையெழுத்தில்லாமல் இங்கே ஒரு நாற்காலிகூட நகராது. அவருடைய இரண்டு கைகளுக்குமோ அப்போது வேறு வேலை இருந்தது.

கூரை ஒழுகியபோது கம்ப்யூட்டரை நனையாத பக்கம் நகர்த்திய 'குற்றத்துக்காக' சஸ்பெண்ட் ஆகி, போன வாரம்தான் திரும்பியிருந்தார் ஸ்டோர் கீப்பர். இன்னொரு முறை எதையாவது நகர்த்தினால் வேலையே போய்விடும். மாமியார் முதல் மச்சினன் வரை அவர் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். மனிதர் மெத்தையைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிடி நழுவிய அந்த நொடியில் ஸ்டோர் கீப்பர் மெத்தையைத் தரதரவென்று இழுத்துப் போட்டார். மேலாளர் அதன் நட்டநடுவில் மல்லாந்து விழுந்தார்.

எழுந்து உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு மெத்தையை உற்றுப் பார்த்தார்.

"இதை யாராவது நகர்த்தினீங்களா?"

ஸ்டோர் கீப்பர் முகம் வெளிறிவிட்டது. "இல்ல சார். நீங்கதான் குறி பார்த்துக் குதிச்சீங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றார் மேலாளர், கண் கலங்க.

உடலும் மனமும் ஒன்றிவிட்டால் எங்கே விழ வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடுமாம். வெயிலில் நிற்கவைத்து விளக்கினார். அடுத்த ஞாயிறு பக்கத்திலிருக்கும் பெரிய பாறையில் ஏறப்போவதாகவும், இனி மெத்தையே தேவையில்லை என்றும் அறிவித்தார்.

ஸ்டோர் கீப்பர் என் காதருகே வந்தார். "சார், உண்மையைச் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும். ஆளு செத்துடுவாரு சார்."

ஒழுங்கு தெரியாத மனிதர். மேலாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய துணை மேலாளர் நான் என்ற பொறுப்புணர்வோடு ஸ்டோர் கீப்பர் வாயை அடக்கிவிட்டு, கைதட்டலை நானே தொடங்கிவைத்தேன்.